துண்டுக்கடியில் ஒரு பேரம்

சியாமளாவின் கர்ப்பப்பைக்குச் செங்கல்பட்டில் ஒரு நர்ஸிங் ஹோம் போட்ட விலை இருபத்திரண்டாயிரம் ரூபாய். மருந்துச் செலவு தனி. ஏ.சி. அறை என்றால் அதுவும் தனி.

இரண்டு பிள்ளைகளை ஆளுக்குப் பத்து மாதம் வாடகை வாங்காமல் குடிவைத்த இடம். அதை இடித்துத் தள்ள இவ்வளவு கூலியா என்று அவளுக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. விருதுநகர் வத்தல் மண்டித் தரகரின் மகள். யார் என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்காவிட்டால் நாக்கு அரிக்கும். "பழைய சரக்குதானே, பார்த்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அது போன மாதம். இன்றைக்குச் சும்மா கொடுத்தாலும் எடுப்பதற்கு ஆள் இல்லை. நோய் பையின் வாயைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள் இறங்கிவிட்டது. கத்தி வைக்கும் கட்டம் போய்விட்டது, இனிமேல் மருந்தும் கதிரும்தான் என்று பெரிய டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை சென்னையில் ஆரம்பம்.

இவ்வளவு தூரம் எப்படி விட்டாள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் நின்றுபோன தீட்டு, ஐம்பதைத் தாண்டியதும் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்தது. அப்போது மூத்தவன் ஆதித்யாவுக்குக் கல்யாணத் தேதி குறித்திருந்தார்கள். தீட்டோடு இருக்கிற தாய் பந்தக்காலுக்கு மஞ்சள் பூசலாமா? மணவறையில் மருமகளுக்குக் கூறைப்புடவை எடுத்துக் கொடுக்கலாமா? சொன்னால் ஒதுங்கி உட்கார் என்பார்கள். ஒரே மகன் கல்யாணத்தை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்க்க அவளுக்கு மனமில்லை. வாயையும் மூடிக்கொண்டாள், துணியையும் மறைத்துக்கொண்டாள். மகனும் மருமகளும் கலிபோர்னியாவுக்கு விமானம் ஏறிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. உடம்புச் சூடு என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதி, வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றாள். வெந்தயம் என்ன செய்யும், பாவம்.

வெள்ளிக்கிழமை காலை. அணு ஆராய்ச்சி நகரியத்தின் குவார்ட்டர்ஸில் காபி கலக்கிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் கணவர் நரசிம்மன் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமா மச்சான். வேற என்ன காரணம் இருக்க முடியும்? ரேடியேஷன்தான். முப்பது வருஷமா இங்கேயே கிடக்கிறோம்ல... விதி."

சியாமளாவின் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. மறுமுனையில் அவளுடைய அண்ணன் சுப்பிரமணி. நேற்று நாத்தனாரிடம், முந்தாநாள் ஆபீஸ் நண்பரிடம். இதோ மூன்றாவது ஆள்.

இதை வேறு யார் சொன்னாலும் பரவாயில்லை. நரசிம்மனுக்குப் பிழைப்பே கதிரியக்கப் பாதுகாப்புப் பிரிவில்தான். சட்டையில் குத்திய பேட்ஜை மாதாமாதம் சோதித்து, யார் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று சொல்கிற ஆள். மாமல்லபுரம் தொடங்கித் தெற்கே குப்பம் குப்பமாகப் போய், ஸ்லைடு போட்டு, "வெளியே ஒரு துளி வராது, புரளியை நம்பாதீங்க" என்று பேசிப் பேசியே தொண்டை கட்டிப்போனவர். தன் பேட்ஜைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை தன் பிள்ளைகளைப் பற்றிக்கூட இருந்ததில்லை.

அந்த மனிதர் இன்று தன் வாயாலேயே தன் தொழிலுக்குக் கொள்ளி வைக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றை மறைக்கிறார் என்று பொருள். வியாபாரி சும்மா நஷ்டத்துக்கு விற்கமாட்டான்.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பொன்னி கரியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கிராமத்துக்காரி. அவள் புருஷன் வரதனுக்கு நகரியத்தில் காண்ட்ராக்ட் கூலி வேலை. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் சுற்று வேலை பார்க்கிறாள்.

"இன்னாம்மா, சாரு இன்னாமோ அணுன்னு சொல்லிகினு கீறாரு?"

"காதுல விழுந்துச்சா?"

"தெருவுக்கே வுயுது. ஏம்மா, எங்க அக்கா வேண்டாவுக்கும் இதேதானே? உதிரமா கொட்டிச் செத்துது. அன்னிக்கு பள்ளிக்கூடத்துல சாரு படம் காட்டச் சொல்லோ, எங்க வூட்டுக்காரரு எழுந்து கேட்டாரு, உங்க அணுவாலதான் எங்க மச்சினி போச்சான்னு. சாரு இன்னா சொன்னாரு தெரியுமா?"

சியாமளாவுக்குத் தெரியும். அன்று ராத்திரி சாப்பாட்டின்போது அவரே சொல்லிச் சிரித்தார்.

"படிக்காதவன் கட்டி வுடற கதைன்னாரு. அல்லாரும் சிரிச்சாங்கோ. எங்க வூட்டுக்காரரு தல குனிஞ்சிகினு வந்தவருதான், அப்பறம் எந்தக் கூட்டத்துலயும் வாயத் தொறக்கல. இப்ப உங்களுக்கு வந்தா மட்டும் அணுவா? பெரிய வூட்டு ஒடம்புன்னா அணுவு ஒத்துக்குமா?"

 பொன்னி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குங்கூட நடுநடுவுல உதிரம் பட்டுகினுதான் கீது. ரெண்டு மாசமாவுது. இன்னா பண்றது? அணு காத்துன்னா அதுக்கு மருந்தா கீது? தலையெழுத்து."

சொல்லிவிட்டுத் திரும்பவும் பாத்திரத்தைத் தேய்க்கப் போய்விட்டாள்.  

செங்கல்பட்டுக்குக் காரை ஓட்டியவள் இளையவள் சஹானா. இருபத்திரண்டு வயது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனி. அம்மாவுக்காக ஒரு நாள் லீவு. பின்சீட்டில் நரசிம்மனுக்குப் பக்கத்தில் சியாமளா ஒரு வெள்ளைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கறை படியாமல் இருக்க. இப்போதெல்லாம் எங்கே போனாலும் கைப்பையில் துண்டு இரண்டு.

டாக்டர் தெய்வநாயகி சர்க்கார் ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைக்கத் தெரியாது. சென்னைக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தவரிடம் நரசிம்மன் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், இது ரேடியேஷனால வந்திருக்க வாய்ப்பு உண்டுதானே?"

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "நீங்க எந்தப் பிரிவு சார்?"

"கதிரியக்கப் பாதுகாப்பு."

"உங்க வீட்டம்மா பிளான்ட்டுக்குள்ள போனதுண்டா?"

"குடும்பத்தாரை விடமாட்டாங்க."

"சரி, உங்க பேட்ஜ்ல என்னைக்காவது அளவு தாண்டியிருக்கா?"

"ஒரு நாளும் இல்லை!" என்று நரசிம்மன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். முப்பது வருஷப் பெருமை, மூளைக்கு முன்னால் நாக்கு முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் தன் கால் தன் கண்ணியிலேயே மாட்டியது தெரிந்தது.

"அப்ப அந்தப் பேச்சை விடுங்க. இது வைரஸ். பாப்பிலோமான்னு பேரு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் அனேகமா எல்லாத்துக்கும் இதுதான் பிள்ளையார் சுழி."

"வைரஸ்னா... ஜுரம் மாதிரியா?" என்று சியாமளா கேட்டாள்.

"ஜுரமாவது வந்தா தெரியும். இது வர்றதும் தெரியாது, இருக்கறதும் தெரியாது. ஆண் பெண் சேர்க்கையில ஒட்டுறது. பெரும்பாலான ஜனங்களுக்கு எப்பவாவது ஒருதரம் வந்து, ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் போகாது. வாடகையும் தராம காலியும் பண்ணாம உட்கார்ந்துக்கிற ஆள் இருக்கான் பாருங்க, அந்த மாதிரி. பத்து வருஷம், இருபது வருஷம். உள்ளே இருக்கிற செல்லைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துக்கிட்டே இருக்கும். அந்தச் சமயத்துல சும்மா ஒரு பஞ்சால தடவி எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். புற்றா மாறுறதுக்கு முன்னாடியே சுட்டுத் தள்ளியிருக்கலாம். வலியில்லை, பெரிய செலவில்லை. நம்ம பொம்பளைங்க யாரு வர்றா?"

"ஆம்பளைங்களுக்கு?"

"அவங்க கொண்டு வருவாங்க, கொண்டு போவாங்க. பெரும்பாலும் அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது."



அப்போதுதான் நரசிம்மன் திரும்பிச் சியாமளாவைப் பார்த்தார். ஒரே ஒரு கணம். ஆனால் அவள் மண்டியில் வளர்ந்தவள், கண்ணால் எடை போடத் தெரிந்தவள். சரக்கு மட்டம் என்று தெரிந்ததும் விற்றவன் என்ன செய்வான் தெரியுமா? தன் கையைப் பார்க்கமாட்டான், மூட்டையைப் பார்ப்பான்.

நரசிம்மன் மூட்டையைப் பார்த்தார்.

'என்னையா சந்தேகப்படறீங்க?' என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் பெண் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரும் அந்தப் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். "யாரால, எப்பன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது சார். கல்யாணத்துக்கு முன்னாடி ஒட்டினதா இருக்கலாம், பின்னாடியாவும் இருக்கலாம். ஒரே புருஷனோட வாழ்ந்தவளுக்கும் வரும். இங்க வந்து யாரும் கோர்ட் நடத்த வேண்டாம்" என்றார். பிறகு சஹானா பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு ஊசி போட்டாச்சா? புதுசா வந்திருக்கு. ஆறு மாசத்துக்குள்ள மூணு ஊசி. ஒண்ணு மூவாயிரத்துச் சொச்சம் ஆகும்."

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அந்த ஊசியா?" நரசிம்மனின் குரல் ஏறியது. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

"ஆகாததாலதான் சார் போடணும். கூரையை மழைக்கு முன்னாடி மாத்துவீங்களா, பின்னாடியா? இது இருக்கிற வைரஸை விரட்டாது, வராம தடுக்கும். அதுவும் எல்லா வகையையும் இல்லை. அதனால முப்பது வயசுக்கு மேல டெஸ்ட்டும் பண்ணிக்கணும்."

"யோசிச்சுச் சொல்றோம்."

"யோசிக்க என்னப்பா இருக்கு?" சஹானா சுடிதார் கையை மேலே சுருட்ட ஆரம்பித்திருந்தாள். "ஆபீஸ்ல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வாங்கின அன்னைக்கே வைரஸுக்குப் போட்டுடறாங்க. நான் அந்த டப்பாவைவிட மட்டமா? பணம் என் சம்பளத்துல இருந்து. நீங்க வெளியில இருங்க."

ஊசி போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சியாமளா அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பெண்ணின் காதுகுத்தில்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை. அன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு லாரி குறுக்கே நின்று, வண்டிகள் தேங்கிக் கிடந்தன. சஹானா எஞ்சினை அணைத்துவிட்டு, ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டு ரேடியோவைத் திருகினாள். பாட்டுச் சத்தத்துக்கு அடியில் நரசிம்மன் மெதுவாகப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை உன் அண்ணன் வரார்."

"தெரியும்."

"அவர்கிட்ட நீயும் ரேடியேஷன்னே சொல்லிடு. எதுக்கு வீண் பேச்சு? சஹானாவுக்கு வரன் பார்க்கிற நேரம்."

சியாமளா வெளியே பார்த்தாள். வெள்ளரிப்பிஞ்சு விற்பவள் ஒவ்வொரு வண்டியாக வந்துகொண்டிருந்தாள்.

"ஊருக்குச் சொல்றேன்," என்றாள். "பொன்னிக்குச் சொல்லமாட்டேன்."

"வேலைக்காரிக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அவளுக்கும் பட்டுக்கிட்டிருக்கு. அணுன்னு நினைச்சுக்கிட்டு அவளும் வெந்தயம் தின்னு சாகணுமா? நாளைக்கு இதே டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அது பேரத்துல இல்லை. மிச்சத்துக்கு விலை பேசலாம்."

"என்ன விலை?"

அவள் தனக்கடியில் இருந்த துண்டை எடுக்கவில்லை. கைப்பையிலிருந்து சுத்தமான இன்னொரு துண்டை எடுத்து உதறி, இருவர் கைகளின் மேலும் போட்டாள்.

நரசிம்மனின் முகம் வெளுத்தது. அவருக்கு அது என்னவென்று தெரியும்.

விருதுநகர் மண்டியில் அவளுடைய அப்பா விலை பேசுவது இப்படித்தான். சுற்றி எத்தனை பேர் நின்றாலும், கை மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வார். வாய் ஆயிரம் பொய் சொல்லலாம். துண்டுக்கடியில் விரல் பொய் சொன்னால் மறுநாள் மண்டிக்குள் கால் வைக்க முடியாது. விலை முடிந்தால் கையை விட வேண்டும். விடாமல் பிடித்திருந்தால் பேரம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

கல்யாணமான புதிதில் சேலத்து வீட்டில், மாமியாரும் மூன்று நாத்தனாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள்தான் இந்த வித்தையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு விரல் என்றால் சினிமா. இரண்டு விரல் என்றால் சீக்கிரம் மாடிக்கு வா. யாருக்கும் தெரியாது. அந்த நாளில் அந்தத் துண்டுக்கடியில் எவ்வளவு சிரிப்பு இருந்தது!

"ஒண்ணு, பம்பாய்," என்று அவள் ஆள்காட்டி விரலை அவர் கையில் வைத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு அங்கே ஒரு வருஷம் ட்ரெய்னிங். நடுவிரலையும் வைத்தாள். "ரெண்டு, ராஜஸ்தான்." சஹானா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது தனியாகப் போய் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த இடம். "எதுவும் இல்லைன்னா கையை விட்டுடுங்க. நான் நம்பிக்கிறேன். திங்கட்கிழமை அந்த மிஷினுக்கடியில படுக்கிறப்ப எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான் விலை."

சஹானா கண்ணாடியில் பார்த்தாள். "என்னம்மா, டூர் பிளானா?"

"ஆமாடி. உங்கப்பா போன ஊரெல்லாம்."

"துண்டைப் போட்டுக் கை வேற கோத்துக்கிட்டு! இந்த வயசுல ரொமான்ஸைப் பாரு." அவளுக்குச் சந்தோஷம். ஒரு மாதமாக அம்மாவும் அப்பாவும் முகம் பார்த்துப் பேசி அவள் பார்க்கவில்லை.

லாரி நகர்ந்தது. கார் கிளம்பியது. துண்டுக்கடியில் நரசிம்மனின் கை வேர்த்திருந்தது. அது விடவில்லை.

மெல்ல அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

சியாமளா மூச்சை விட்டாள். பம்பாய். இருபத்துமூன்று வயதுப் பையன், தெரியாத ஊர், கையில் முதல் சம்பளம். கல்யாணத்துக்கு முந்திய கடன். மன்னிக்க மனம் வராது. ஆனால் தள்ளுபடி செய்துவிடலாம். வியாபாரத்தில் வராக்கடன் என்று ஒரு வகை உண்டு.

கை விடவில்லை.

நடுவிரலையும் சேர்த்துப் பிடித்தது. சஹானாவுக்குப் பால் பல் விழுந்த வருஷம் அது. அந்தப் பல்லைக் கடிதத்தில் வைத்து ராஜஸ்தானுக்கு அனுப்பியவள் சியாமளாதான். 'கூரையில் போட இங்கே கூரை இல்லை, எல்லாம் காங்கிரீட்' என்று அவர் வேடிக்கையாகப் பதில் எழுதியிருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. சரி, கேட்டேன், சொன்னார், முடிந்தது என்று விரல்களை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

கை அப்போதும் விடவில்லை.

வேப்பமரங்கள் போயின. கடற்காற்று உள்ளே வர ஆரம்பித்தது. நகரியத்தின் வாசல் வளைவு தூரத்தில் தெரிந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நரசிம்மனின் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துண்டுக்கடியில் அவருடைய கை நகர்ந்து, அவளுடைய மோதிர விரலையும் பிடித்து அழுத்தியது. பிறகு விட்டது.

அந்த விரலுக்கு அவள் எந்த ஊரின் பெயரையும் வைக்கவில்லை.

"வந்தாச்சு," என்றாள் சஹானா. வாசல் காவலாளிக்குக் கண்ணாடியை இறக்கினாள். வீட்டுக் கேட்டருகே பொன்னி சாவிக்காகக் காத்து நின்றாள்.

சியாமளா துண்டை எடுத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நாலாக மடித்தாள். மண்டியில் அப்பா கடைசியில் இப்படித்தான் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கணக்குச் சொல்வார். அவளும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

கேட்டது இரண்டு. வந்தது மூன்று. ஊர்ப் பெயர் இல்லாமல் நிற்கிற பாக்கி ஒன்று. தானும் இந்த நோயைச் சுமக்கிறோம் என்பதே தெரியாமல், எங்கேயோ எந்த வீட்டிலோ வெந்தயம் ஊறவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண். அந்தப் பாக்கி அவள்தான்.